கரும்பலகைப் பக்கம் திரும்பினால் மட்டும் வரும் குரல்: பாட்டும் ஆட்டமும் நடிப்பும் உதவுமா?

கேள்வி கேட்டவர்: கிழக்குத்தெரு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். வயது 44. கடந்த பங்குனியில் என் அம்மா காலமானார். மூத்த மகள் என்பதால் மருத்துவமனைக் கணக்கு, வண்டி, பந்தல், பால் தெளிப்பு, கருமாதி என்று எல்லாவற்றையும் நானே முன்னின்று செய்தேன். வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அழுவதற்கு நேரமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு காட்சியைச் சொல்லாமல் என் கேள்வி விளங்காது. அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தில் பெரியம்மாவும் ஊர்ப் பெண்களும் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைபோட்டு, தலையோடு தலை சாய்த்து, வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த என் தம்பி, "இதெல்லாம் வேண்டாம் பெரியம்மா, அமைதியாக இருக்கட்டும்" என்று சொல்லி, ஒலிபெருக்கியில் பக்திப் பாடல்களைப் போடச் சொன்னான். பெரியம்மா பாதி வரியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தம்பியை மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வட்டத்தில் எனக்கென்று விட்டுவைத்திருந்த இடத்தில் போய் உட்காரவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து குரல் போய்க்கொண்டிருக்கிறது. முதல் பாடவேளையில் ஒரு குறையும் இருக்காது. மூன்றாம் பாடவேளைக்குள் கரகரத்து, வாக்கியத்தின் நடுவில் அறுந்து, மதியத்திற்கு மேல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. தொண்டைக்குழியில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல ஓர் இறுக்கம். காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் கட்டியோ வீக்கமோ இல்லை, இரண்டும் நன்றாக அசைகின்றன, 2 வாரம் பேசாமல் இருங்கள் என்றார். விடுப்பு எடுத்து அப்படியே இருந்தேன். பள்ளிக்குத் திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலை.

இதில் ஒன்று எனக்கே புரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்து நின்று பேசும்போது அறுந்துபோகும் குரல், கரும்பலகையில் எழுதிக்கொண்டே அவர்களுக்கு முதுகைக் காட்டிப் பேசும்போது ஓரளவு தெளிவாக வருகிறது.

உடன் வேலை பார்க்கும் தோழி ஒருவர், உடல் அசைவு, குரல், நடிப்பு ஆகியவற்றின் வழியே மனத்தை இலேசாக்கிக்கொள்வதற்கான 3 நாள் பயிலரங்குக்கு என்னை அழைக்கிறார். நான் பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடையேறாதவள். இவற்றால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருந்துவிட்டுப் போய்விடுமா? இந்த வயதில், இந்தக் குரலோடு நான் அங்கே போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில் 1. எழுதியவர்: நாண்

வணக்கம், ஆசிரியை அவர்களே. நான் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். என்னிடம் வருபவர்களில் ஆசிரியர்களே அதிகம் என்பதால் உங்கள் கேள்வியை அக்கறையோடு படித்தேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பது எனக்கு மிகவும் பழகிய படம்தான்.

முதலில், குரல் மாற்றம் 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் குரல்வளையைக் கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். நாண்களில் குறையில்லை, ஆனால் குரல் வரவில்லை என்றால், பெரும்பாலும் நாண்களைச் சுற்றியுள்ள தசைகள் தேவைக்கு மேல் இறுகியிருக்கும். இதைக் கற்பனை நோய் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். பெண்களின் நாண்கள் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிர்கின்றன. அவ்வளவு நுட்பமாக இயங்கும் உறுப்பைக் கழுத்துத் தசைகள் நெரித்துப் பிடித்தால் ஒலி உடையத்தான் செய்யும்.

குரல்வளையின் முதல் வேலை பேச்சல்ல. மூச்சுக்குழாயைக் காக்கும் கதவாக இருப்பதே அதன் முதல் வேலை. பாரம் தூக்கும்போது அது மூடிக்கொள்கிறது. விழுங்கும்போதும் மூடிக்கொள்கிறது. அழுகை வரும்போது உடல் கூடுதல் காற்றுக்காக அந்தக் கதவைத் திறந்து வைக்கப் பார்க்கிறது. நாமோ அழுகையை விழுங்குவதற்காக அதை மூடப் பார்க்கிறோம். தொண்டை அடைத்துக்கொள்வது என்று நாம் சொல்வது இந்த இழுபறியைத்தான் என்று விளக்குவார்கள். பந்தல் போட்ட நாளிலிருந்து கருமாதி வரை நீங்கள் அந்தக் கதவை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். காரியம் முடிந்த பிறகும் பிடி தளரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் இருமலையும் சிரிப்பையும் கவனியுங்கள். பேச்சுக் குரல் காற்றாகப் போன மதிய வேளையிலும் இருமல் கணீரென்று ஒலித்தால், கருவி கெடவில்லை என்று பொருள். அந்த இருமலின் வாலைப் பிடித்து ஒரு முனகலாகவும், முனகலைச் சொல்லாகவும் நீட்டிக் குரலைத் திரும்பக் கொண்டுவருவது எங்கள் தொழிலில் பழைய வழி. வீட்டில் செய்வதற்கும் ஒன்று சொல்கிறேன். கண்ணாடிக் குவளையில் பாதி தண்ணீர் எடுத்து, அதில் உறிஞ்சுகுழலை இரண்டு விரற்கடை ஆழம் வரை விட்டு, 'ஊ' என்று குரலோடு ஊதிக் குமிழி எழுப்புங்கள். ஒருமுறைக்கு 2 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை போதும். நீரின் எதிரழுத்தம் நாண்களை மோதவிடாமல் மெல்ல அதிரச் செய்யும்.

கரும்பலகை பற்றி நீங்கள் எழுதியது மிக முக்கியமான குறிப்பு. பலகையில் பட்டுத் திரும்பும் உங்கள் ஒலி உங்கள் காதிலேயே விழுவதால் கத்த வேண்டிய தேவை குறைகிறது. அது ஒரு காரணமாக இருக்கலாம். 50 முகங்கள் உங்களைப் பார்க்கவில்லை என்பது இன்னொன்றாக இருக்கலாம். இரண்டாவதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பயிலரங்குக்குப் போவதா என்றால், உடம்பை அசைத்துக்கொண்டே குரல் எழுப்புவதை நானே சிகிச்சையில் பயன்படுத்துகிறேன்; கையை வீசி நடந்துகொண்டே எண்களைச் சொல்லச் சொன்னால் பலருக்குக் கழுத்து இளகிவிடும். ஆனால் இப்போதைய நிலையில் கத்தவும் அலறவும் சொல்லும் பயிற்சி எதிலும் கலந்துகொள்ள வேண்டாம். அதற்கு முன்பு இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற ஒரு பேச்சுச் சிகிச்சையாளரைச் சில வாரங்கள் பாருங்கள். வகுப்பில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியையும் வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.


பதில் 2. எழுதியவர்: செய்யாற்று வேஷக்காரன்

அம்மா, வணக்கம். நான் செய்யாறு பக்கத்துக்காரன். பேருந்து நடத்துநர், வயது 52. கடந்த 13 ஆண்டுகளாக எங்கள் ஊர் ஜமாவில், அதாவது தெருக்கூத்துக் குழுவில், வேஷம் கட்டுகிறேன். கூத்துப் பரம்பரையில் பிறந்தவன் அல்லன். 39 வயதில், என் தம்பி சாலை விபத்தில் இறந்த மறு ஆண்டு சேர்ந்தவன். மேடையேறாதவள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து வைக்கும் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். என் தம்பிக்கும் வைத்தோம். விடியற்காலையில், களத்தில் விழுந்த கர்ணனை மடியில் கிடத்திக்கொண்டு குந்தி புலம்பும் கட்டம் வந்தது. அத்தனை நாளாக யாரிடமும் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்த என் அம்மா எழுந்து போய்க் குந்தி வேஷக்காரருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். வேஷக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை, பாட்டை நிறுத்தவும் இல்லை. பின்பாட்டுக்காரர்கள் அதே அடியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தார்கள். என் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். தாளக்காரர் அந்தக் கைக்கு ஏற்பத் தாளத்தை இறக்கினார். அம்மா ஓய்ந்த பிறகுதான் ஆர்மோனியக்காரர் மெதுவாக அடுத்த பாட்டின் சுரத்தைப் பிடித்தார். அன்று காலை அம்மா எங்களிடம் கேட்டு வாங்கி ஒரு வாய் கஞ்சி குடித்தார். நான் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன், உங்களைப் போலத்தான். எனக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த ஆண்டு வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. தம்பி செத்தது அவருக்குத் தெரியும். அந்தக் கூத்தை நடத்தியவரே அவர்தான். ஆனாலும் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. மூன்று மாதம் ஒரு பாட்டும் சொல்லித்தராமல் காலில்தான் தொடங்கினார். அறுத்து முடித்த கழனியில் சலங்கை இல்லாமல் அடவு போட வேண்டும். கிறிக்கி என்ற சுழலடவைச் சுற்றிய முதல் நாள் வாந்தி எடுத்தேன். தலை சுற்றாமல் இருக்க வேண்டுமென்றால் மூச்சு வயிற்றில் நிற்க வேண்டும், மூச்சு வயிற்றில் நின்றால் குரல் தானாகக் கிளம்பும் என்பார். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் ஊர்க் கடைசி வீட்டுக்குக் கேட்கும்படி விடிய விடியப் பாடியவர்களின் வழி அது. சென்னையில் எழுத்தாளர் ந. முத்துசாமி ஐயா 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். எங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞரான புரிசை கண்ணப்பத் தம்பிரான் அங்கே நவீன நாடக நடிகர்களுக்கும் கூத்து கற்றுத்தந்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் மண்ணில் காலிலிருந்துதான் குரலுக்கு வருவோம்.

இப்போது உங்கள் கரும்பலகைக்கு வருகிறேன். எங்கள் கூத்தில் முக்கிய வேஷம் எதுவும் நேராகக் களரிக்கு வந்து நின்றுவிடாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று விருத்தம் பாட வேண்டும். சனங்களுக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கை கட்டிய கால் தெரியும், நடுவில் குரல் மட்டும்தான் வரும். முகம் கடைசியில். முதல் வேஷம் கட்டிய இரவு எனக்குத் தொடை நடுங்கியது. வாத்தியார் காதருகில் வந்து, "திரை விலகும்வரை நீ யாருக்கும் இல்லை, பாடு" என்றார். கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் உங்களுக்குக் குரல் வருகிறது என்று படித்தபோது எனக்கு அந்தத் திரைதான் கண்ணில் வந்தது. அந்தக் குரலைக் குறை என்று நினைக்காதீர்கள் அம்மா. எங்கள் ஊரில் ராஜாக்களே அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

எனக்கு முதலில் கிடைத்தது பெண் வேஷம், கர்ணனின் மனைவி பொன்னுருவி. போருக்குப் புறப்படும் கர்ணனை அவள் தடுக்கும் கட்டம் உண்டு. என் தம்பி வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று, பணத் தகராறில், நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போகாதே என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பானா என்று தெரியாது; நான் சொல்லவில்லை. அரிதாரம் பூசி, புடவை கட்டி, கை வளையலோடு, பொன்னுருவியின் பாட்டில் "போகாதீர்" என்ற சொல்லைப் பாடும்போது அது என் வாயிலிருந்து முழுதாக வந்தது. கேட்டுக்கொண்டிருந்த 300 பேருக்கும் அது பொன்னுருவி சொன்னது. யாருடைய சொல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். பாட்டு முடிந்ததும் அடுத்த அடவு இருந்தது, கால் அதைப் போட்டது. அந்த அடவு இல்லாமல் போயிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

எல்லாருக்கும் கூத்து இதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஜமாவிலேயே குடியிலிருந்து மீளாத அருமையான வேஷக்காரர்கள் இருக்கிறார்கள். கலைக்கு அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. ஆனால் மனத்தை நேராகத் தொடாமல், காலையும் மூச்சையும் தொட்டு, வேறொருவர் பெயரில் பேச இடம் கொடுப்பதால்தான் அது சிலருக்காவது வேலை செய்கிறது என்பது என் அனுபவம். 3 நாளில் அது நடக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.


கிழக்குத்தெரு ஆசிரியை:

ஐயா, இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். மிக்க நன்றி. ஒரு சிறு கேள்வி: உங்கள் பக்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்வார்களா?


செய்யாற்று வேஷக்காரன்:

அம்மா, முன்பு இல்லை; பெண் வேஷமும் ஆண்களே கட்டினோம். இப்போது சில ஜமாக்களில் பெண்கள் வேஷம் கட்டுகிறார்கள், பயிற்சிக்கும் வருகிறார்கள். விடிய விடிய ஆட வேண்டும் என்பதும் இல்லை. பின்பாட்டில் நின்று இரண்டாவது ஆளாகப் பாடுவதே பெரிய வேலை. அதில் தனிக் குரல் யாருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லையென்றால் முன்னால் நிற்பவனால் மூச்சு வாங்க முடியாது.


பதில் 3. எழுதியவர்: அரைவெளிச்சம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் எழுதுவது உங்களைத் தடுப்பதற்காக அல்ல, பார்த்துப் போகச் சொல்வதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மணமுறிவுக்குப் பிறகு, சென்னையில் இதே போன்ற ஒரு வார இறுதிப் பயிலரங்குக்குப் போனேன். இரண்டாம் நாள் மாலை விளக்கை அணைத்து எங்களைத் தரையில் படுக்கச் சொல்லி, வாழ்க்கையின் மிக மோசமான நாளை நினைத்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து அலறச் சொன்னார்கள். சுற்றிலும் 20 பேர் அலறிக்கொண்டிருக்க நானும் அலறினேன். அலறியபின் என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. விளக்கைப் போட்டார்கள், கைதட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள். அதன் பின் 2 வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, உள்ளே இருந்தது வெளியேறுகிறது, நல்லதுதான் என்று பயிற்சியாளர் சொன்னார். வெளியேறியது எங்கே போய் நின்றது என்று எனக்கு இன்னும் தெரியாது.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அலறலால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆல்ஃபிரட் வொல்ஃப்சோன் என்ற ஜெர்மானிய யூதர் இளம் வயதில் முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தவர். குண்டடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தவர்களின் ஓலம் போர் முடிந்த பின்னும் அவர் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மருத்துவம் கைகொடுக்காதபோது, அந்த ஓலத்தின் ஒலிகளையே தன் குரலில் எடுத்துப் பாடிப் பழகி மீண்டார். பின்னர் நாஜிகளிடமிருந்து தப்பி இலண்டனுக்கு வந்து, 1962இல் இறக்கும்வரை பலருக்கும் அந்த வழியைக் கற்பித்தார். அவருடைய மாணவர் ராய் ஹார்ட் அதை நாடகத்துக்குள் கொண்டுவந்தார். அவர் குழு 1974இல் தென் பிரான்சில் குடியேறி அந்தப் பணியைத் தொடர்ந்தது. இதில் நான் கவனித்தது, வொல்ஃப்சோன் மாணவரை இருட்டில் அலறவிட்டுப் போனவர் அல்லர் என்பதே. பியானோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு சுரம், அடுத்த சுரம் என்று, ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து குரலின் எல்லையை விரித்தவர். மேலே கூத்துக்கார ஐயா சொன்ன "அடுத்த அடவு" அங்கேயும் இருந்தது. எனக்கு அது கிடைக்கவில்லை.

ஆகவே உங்கள் தோழி அழைக்கும் இடத்தில், நடத்துபவர் எங்கே எவ்வளவு காலம் பயின்றவர் என்று தயங்காமல் கேளுங்கள். நடன சிகிச்சையும் நாடக சிகிச்சையும் பல ஆண்டுகள் படிக்க வேண்டிய துறைகள். அமெரிக்காவில் மரியன் சேஸ் 1942இலேயே வாஷிங்டனில் உள்ள மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு ஆடத் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்லி ஓரமாக உட்கார அனுமதி உண்டா, முடிந்து வீட்டுக்குப் போன பிறகு யாரிடம் பேசலாம் என்பதையும் கேளுங்கள். மனநல மருத்துவர் மொரெனோ உருவாக்கிய உளநாடக முறையில், ஒருவர் தம் கதையை நடித்து முடித்ததும் மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, தங்கள் வாழ்வில் அதைப் போல நடந்ததை மட்டும் பகிர வேண்டும் என்று ஒரு பகுதியே தனியாக இருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதி இல்லாத இடத்திற்கு நான் இனிப் போக மாட்டேன்.


பதில் 4. எழுதியவர்: மட்டுநகர் மகள்

அக்கா, நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய ஊரில் 1996ஆம் ஆண்டு, யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஓர் இடத்தைத் தொடங்கினார்கள். கனடாவைச் சேர்ந்த போல் ஹோகன் என்ற ஓவியரும் இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதற்கு முன்னின்றவர்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் யுத்தத்தில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைக் கூட்டிவந்து, களிமண், வர்ணம், கதை, பாட்டு, ஆட்டம் என்று விளையாடவிடுவார்கள். உனக்கு என்ன நடந்தது என்று பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. கூத்துக்கார ஐயாவின் வாத்தியாரைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்தப் பூங்கா நினைவுக்கு வந்தது.

2009க்குப் பிறகு நான் பெண்கள் குழு ஒன்றோடு சேர்ந்து கிராமங்களுக்குப் போய் வந்தேன். நாங்கள் செய்தது பெரிய நாடகம் ஒன்றுமில்லை. பாய் விரித்து வட்டமாக இருந்து, கையைக் கோத்து, மூச்சோடு ஆடி அசைந்து, தெரிந்த பாட்டைப் பாடுவதுதான். வன்னியில் இறுதி யுத்தத்தின்போது எத்தனையோ பேரை அடக்கம் செய்ய முடியவில்லை, கிரியை இல்லை, ஒப்பாரி வைக்கவும் ஆளில்லை. அந்த வைக்கப்படாத ஒப்பாரி பெண்களின் நெஞ்சில் அப்படியே இருந்தது. கேட்டால் பாடுவார்கள், பாடி அழுவார்கள், பிறகு தண்ணீர் குடித்துவிட்டு வேறு கதை கதைப்பார்கள்.

ஒரு அம்மா மட்டும் பாட மாட்டார். அவருடைய மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒப்பாரி பாடினால் பிள்ளை செத்துவிட்டான் என்று தானே சொன்னதாக ஆகிவிடும் என்றார். எங்களால் அதற்கு மறுபேச்சுப் பேச முடியவில்லை. பல கிழமைகள் வந்து, வட்டத்தில் இருந்து, பேசாமல் போவார். ஒருநாள் பக்கத்திலிருந்த இளம்பெண்ணின் கைக்குழந்தை சிணுங்கியது. அந்த அம்மா பிள்ளையை வாங்கிக் காலில் கிடத்தி ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடத் தொடங்கினார். எங்களுடைய பக்கம் தாலாட்டும் ஒப்பாரியும் மெட்டில் அக்கா தங்கை மாதிரி என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை நித்திரையான பிறகும் அவர் பாட்டை விடவில்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக 'ஆராரோ'வை மட்டும் வாங்கிப் பாடினார்கள். யாருக்காகப் பாடுகிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது, ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. இன்றைக்கும் அவர் மகனைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு வட்டத்தில் அவரும் பாடினார் என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும்.

அக்கா, உங்களுடைய பெரியம்மா பாதி வரியில் நிறுத்தினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அது தொண்டையில் நிற்கும்தானே. பயிலரங்குக்குப் போவதற்கு முன்னம் அவரிடம் ஒருமுறை போய் வரலாமே என்று எனக்குப் பட்டது.


கிழக்குத்தெரு ஆசிரியை:

எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. ஆவணியில் கேட்ட கேள்விக்கு ஐப்பசியில் வந்து எழுதுவதற்கு மன்னியுங்கள்.

பயிலரங்குக்கு இம்முறை போகவில்லை. அரைவெளிச்சம் அவர்கள் சொன்ன கேள்விகளைக் கேட்டபோது, முடிந்த பிறகு யாரிடம் பேசுவது என்பதற்கு மட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. மாவட்டத் தலைநகரில் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் 7 வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். உறிஞ்சுகுழல் பயிற்சியைப் பள்ளி ஆய்வகத்தின் மூலையில் செய்கிறேன். என் இருமல் உண்மையிலேயே கணீரென்றுதான் இருந்தது.

மட்டுநகர் தங்கை சொன்னபடி பெரியம்மா வீட்டுக்கும் போனேன். அன்று நிறுத்திய ஒப்பாரியைச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். சாவு விழாத வீட்டுக்குள் அதைப் பாடக் கூடாது, மல்லாட்டை பிடுங்குகிறார்கள், கொல்லைக்கு வா என்றார். பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிகளைச் சுற்றி ஆறேழு பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா தலை நிமிராமல், கை வேலையை நிறுத்தாமல், அம்மாவுக்காக எடுத்த பாட்டை எடுத்தார்.

"பொழுது விடிஞ்சதம்மா பூங்கதவு திறக்கலியே,
அழுத குரல் கேட்டும் ஆத்தா முழிக்கலியே."

முதல் அடியை அவரும் இரண்டாம் அடியை நானும் என்று ஆயிற்று. மூன்று முறை 'அழுத குரல்' என்ற இடத்தில் எனக்குக் குரல் அறுந்தது. அறுந்த ஒவ்வொரு முறையும் மற்ற பெண்கள் அந்த அடியை வாங்கி முடித்தார்கள், என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்காவது முறை அழுகையும் பாட்டும் ஒன்றாகவே வந்தன. மடியில் இருந்த காய்களெல்லாம் நனைந்துவிட்டன. பெரியம்மா, "மண்ணு போக அலசுன மாதிரி ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த செடியை என் பக்கம் தள்ளினார்.

இப்போது ஐந்தாம் பாடவேளை வரை குரல் நிற்கிறது. அதற்கு மேல் இன்னும் கரகரக்கிறது, ஒலிபெருக்கியைக் கட்டிக்கொள்கிறேன். தம்பி தீபாவளிக்கு வந்தபோது, பெரியம்மா பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டான். பதிவு வேண்டாம், தை மாதம் நீயே கொல்லைக்கு வா என்று சொல்லியிருக்கிறேன்.